சாப்பாட்டு மேஜைப் பக்கத்து ஜன்னல்

உங்கள் வீட்டு ஜன்னலுக்கு மேலே மாட்டியிருப்பதைக் கழற்றி, அதன் பின்னால் இருக்கிற சுவரை என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். தரையில் ஊன்றி நிற்கும் வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த அவசியம் வருவதில்லை. மோட்டார்ஹோமில், வீடாகவே கட்டிய பெரிய வண்டியில், இருப்பவர்களுக்கு ஒரு நாள் வந்துவிடும்.

இந்த மாதிரி வண்டிகளை நிறுத்திக் குடியிருக்கிற எங்கள் பார்க் அரிசோனா பாலைவனத்தில், யூமாவுக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிறது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வண்டிகள் வந்து வரிசையாக நிற்கும். ஏப்ரலில் வெயில் ஏறியதும் எல்லாம் திரும்பிப் போய்விடும். நான் போவதில்லை. என் ஊர் மெய்ன் கடற்கரை. அங்கே எனக்காக இப்போது யாரும் இல்லை. இங்கே குடியிருக்க ஒரு சின்ன டிரெய்லரும், தோல்கூடத் தைக்கிற பழைய மெஷின் ஒன்றும் இருக்கின்றன. மெத்தை உறை கிழிந்தாலும் திரை தொங்கினாலும் "கிரெட்டாகிட்ட குடு" என்பார்கள்.

பக்கத்து இடத்தில் நிற்பது லவோனும் அவள் கணவர் ஓரினும். வடக்கு டகோட்டாக்காரர்கள். ஓரின் தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டை விற்றுவிட்டு, அந்த மோட்டார்ஹோமையே வீடாக வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருஷமாகச் சுற்றினார்கள். கோடையில் ஆரிகன் கடற்கரை, குளிரில் எங்கள் பார்க்.

போன வருஷம் ஓரினின் கண் போய்விட்டது. முழுக்கப் போகவில்லை. ஓரங்கள் தெரியும், நடுவில் சாம்பலாக ஒரு பொட்டு. எதை நேராகப் பார்க்கிறாரோ அது தெரியாது. குதிரை லாடம் எறிகிற ஆட்டத்தில் மட்டும் இன்னும் ஜெயித்துக்கொண்டிருந்தார், தரையில் நட்ட கம்பியில் பட்டு எழும் சத்தத்தை வைத்து. வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "லைசென்ஸ் இன்னும் செல்லும்ல?" என்று ஓரின் சொன்னார். அக்டோபரில் அவர்தான் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அந்தப் பயணத்தைப் பற்றி லவோன் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் பேசினாள்.

"யூட்டா மலை இறக்கத்துல நான்தான் ரோட்டுல போட்ட கோட்டைப் பாத்துச் சொல்லிக்கிட்டே வந்தேன். இடது, இடது, போதும், வலதுன்னு. முன்னால ஒரு ஸ்கூல் பஸ் நின்னுச்சு. பின் ஜன்னல்ல ஒரு பொண்ணு எங்களைப் பாத்துக் கையாட்டுது. நான் கத்தினப்புறம்தான் பிரேக் போட்டாரு. அவருக்கு அந்தப் பொண்ணு தெரியல கிரெட்டா. பஸ்ஸே தெரியல."

அதனால் வண்டியை இங்கேயே விற்றுவிட்டு, பஸ் ஏறி வடக்கு டகோட்டாவில் ஃபார்கோவுக்குப் போய், மகன் இருக்கிற தெருவில் ஒரு ஃபிளாட்டில் குடியேறுவது என்று லவோன் முடிவு செய்திருந்தாள். ஓரின் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேட்டால் ஒரே பதில்: "வித்தா வித்துட்டுப் போறோம். விக்கலன்னா எப்பவும்போல நான் ஓட்டிட்டுப் போறேன்."

அந்த இரண்டாவது வார்த்தையால்தான் லவோன் தூங்காமல் இருந்தாள்.

கிளப் ஹால் பலகையில் விளம்பரம் ஒட்டினார்கள். மூன்று பேர் வந்து பார்த்தார்கள். மூன்று பேரும் வாசல்படியில் ஏறி, உள்ளே தலையை நீட்டி, "ஓ" என்றார்கள். அந்தக் காலத்து வண்டி எல்லாவற்றிலும் ஒரே ரசனைதான். ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலும் ஒரு மரப்பெட்டி, பஞ்சு வைத்துத் துணி சுற்றியது. திரையின் மேல்கம்பி வெளியே தெரியக்கூடாதாம். லவோனின் பெட்டிகளில் கருஞ்சிவப்புத் துணி, பொன்னிற இலைகள், கீழே குஞ்சம். சுவரின் மேல் ஓரம் முழுக்கக் கொடி படம் போட்ட காகிதப் பட்டை. மடிப்புத் திரைகள் டீ நிறத்துக்கு வந்துவிட்டன. பாதித் திரைகளுக்குக் கயிறு அறுந்துபோய், துணிக் கிளிப் போட்டு நிறுத்தி வைத்திருந்தாள்.

நாலாவதாக வந்தவள் டீட்ரா. ஐம்பது வயது நர்ஸ். ஊர் ஊராகப் போய் மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கிறவள். விவாகரத்து ஆனவள். இனிமேல் வாடகை வீடே வேண்டாம், வீட்டைக் கூடவே கொண்டுபோகப் போகிறேன் என்றாள். கீழே படுத்து இஞ்சினைப் பார்த்தாள். டயரைத் தட்டினாள். பிறகு உள்ளே வந்து நின்றாள்.

"வண்டி ஜோரா இருக்கு. ஆனா உள்ள வந்தா பல் டாக்டர் ரூம்ல காத்திருக்கிற மாதிரி இருக்கே. எப்ப என் பேரைக் கூப்பிடுவாங்களோன்னு கதவையே பாக்கத் தோணுது."

லவோன் சிரித்துவிட்டாள். ஓரின் சிரிக்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. நான் டியூட்டில இருந்தா தையல் ஊசியெல்லாம் பிடிக்க நேரமே கிடையாது. இந்தக் குஞ்சமெல்லாம் போயி கொஞ்சம் வெளிச்சமா இருந்தா, யோசிக்கவே மாட்டேன். சனிக்கிழமை வந்து பாக்கட்டுமா?"

"வா வா" என்றாள் லவோன். டீட்ரா போனதும் நேராக என் டிரெய்லருக்கு வந்தாள்.

மறுநாளே ஆரம்பித்தோம். வெள்ளை மடிப்புத் திரைகள் வாங்கி வந்தோம். பெட்டிகளுக்கு வெளிர் சாம்பலில் ஒரு லினன் துணி. என் வேலை முறை எப்போதும் ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்ற மாட்டேன். ஒரு பெட்டியைக் கழற்றி, துணியைப் பிரித்து, புதிதை இழுத்துப் பின் அடித்து, மாட்டிய பிறகுதான் அடுத்தது. முன்பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னால் போனோம்.

"இதெல்லாம் வாங்கறப்ப எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமா?" என்றாள் லவோன், குஞ்சத்தைப் பிய்த்துக்கொண்டே. "எங்க சர்ச்சுல பாதிப் பேரு வந்து பாத்தாங்க."

"பாத்துட்டு என்ன சொன்னாங்க?"

"வித்தியாசமா இருக்குன்னாங்க."

அவர்கள் ஊரில் யாராவது ஒன்றை வித்தியாசமாக இருக்கிறது என்று சொன்னால், அது சகிக்கவில்லை என்று அர்த்தம். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த வாரத்தில் நாங்கள் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான்.

வியாழக்கிழமை சாப்பாட்டு மேஜைப் பக்கத்து ஜன்னலுக்கு வந்தோம். ஓரின் லாடம் எறியப் போயிருந்தார். ஸ்க்ரூ டிரைவரை வைத்ததும் முதல் ஸ்க்ரூ விரலோடு வந்துவிட்டது, சுற்றவே தேவையில்லை. இரண்டாவதும் அப்படியே. பெட்டி என் கையில் விழுந்தது. உள்ளேயிருந்து, மூடியே வைத்த ஐஸ்பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு வாடை வந்தது.

சுவரில் டீ சிந்தின மாதிரி ஒரு கறை. ஜன்னலின் மேல் மூலையிலிருந்து கிளம்பி, பெட்டி எதுவரைக்கும் மறைத்ததோ அதுவரைக்கும் பரவியிருந்தது. நான் கட்டைவிரலால் அழுத்தினேன். பிளைவுட் ஊறின பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. இந்த வண்டிகளின் சுவருக்குள்ளே மரச்சட்டம்தான். அது மக்கிவிட்டால் சுவரைப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும். இவ்வளவு பழைய வண்டிக்கு அந்த வேலையைச் செய்ய யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மூலையில் வெள்ளி நிற டேப் நேர்த்தியாக ஒட்டியிருந்தது. அதன் மேல் தண்ணீர் புகாமல் பூசுகிற ஜன்னல் பசை, விளிம்பு முழுக்க ஒரே சீராக, வாய்க்கால் மாதிரி குழித்து வழித்திருந்தது.

லவோன் அந்தக் குழியைத் தடவிப் பார்த்தாள்.

"என் ஸ்பூன்" என்றாள்.

"என்ன?"

"சோப்புத் தண்ணில ஸ்பூனை நனைச்சு, அதோட முதுகால வழிப்பாரு. எப்பவும் அப்படித்தான். ரெண்டு வருஷம் முன்னால ஆரிகன்ல இருந்து இங்க வந்தப்புறம்தான் ஒரு ஸ்பூன் இல்லன்னு பாத்தேன். நீதான் பார்க் விருந்துல மாத்தி எடுத்துட்டுப் போயிட்டேன்னு உன்னைத் திட்டினேனே, ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இருந்தது.

அவள் மேஜையருகே உட்கார்ந்து அந்தச் சுவரையே பார்த்தாள். நான் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஓரின் படியேறி வந்தார். எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் அவரால் பார்க்க முடியாது. ஆனால் அந்த வாடை வந்திருக்கும்.

"அந்தப் பெட்டியையா கழட்டினீங்க?"

"எல்லாத்தையும்தான் கழட்டறோம்" என்றாள் லவோன். "எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? ராத்திரி முழுக்க அதைப் பாத்துக்கிட்டே படுத்திருப்ப."

"ஒழுகிச்சா?"

"ஆரிகன்ல ஒழுகிச்சு. நிறுத்திட்டேன். இங்க மழையே கிடையாதே, எங்க ஒழுகப்போகுது?" அவர் ஃபிரிட்ஜைத் தடவித் திறந்து ஒரு பாட்டில் எடுத்தார். "புதுத் துணியைச் சுத்தி அங்கயே மாட்டுங்க."

"அந்தப் பொண்ணு இதை வாங்கப் போறா ஓரின்."

"வாங்கட்டும். நமக்கு வித்தவன் எல்லாத்தையும் சொன்னானா? ஜெனரேட்டர் செத்துப் போயிருந்ததைச் சொன்னானா? பழைய வண்டி வாங்கறவங்களுக்கு இதெல்லாம் தெரியும்."

"அவளுக்குத் தெரியாது."

"சரி. அப்ப விக்க வேண்டாம்." கதவைத் திறந்தார். "ஆள் வெச்சு ஓட்டறது, மகன் லீவு போட்டு வர்றது, அந்தப் பேச்செல்லாம் வேண்டாம். ஞாயித்துக்கிழமை நான் ஓட்டறேன்."

கதவை மூடாமலே போய்விட்டார். லவோன் என்னைப் பார்த்தாள். ஒரு பக்கம் ஒரு நர்ஸ், இன்னொரு பக்கம் ஒரு ஸ்கூல் பஸ்.

"கிரெட்டா, இந்தப் பெட்டியைக் கொஞ்சம் அகலமாப் பண்ண முடியுமா? கறை ஓரம் வரைக்கும் வந்துடுச்சு, எட்டிப் பாத்துரும்."

"முடியும்" என்றேன்.

பண்ணியும் கொடுத்தேன். பக்கத்துக்கு ஒரு துண்டுப் பலகை ஒட்டி, மற்ற பெட்டிகளோடு ஒத்துப்போகிற மாதிரி அவற்றுக்கும் கொஞ்சம் சேர்த்தேன். மக்கின இடத்தில் ஸ்க்ரூ நிற்காது என்பதால் நீளமான ஸ்க்ரூ போட்டு மேலே கூரைச் சட்டத்தில் பிடித்தேன். கொடிப் பட்டையை வெந்நீர் வைத்து உரித்தோம். சுவருக்கு வெள்ளை அடித்தோம். மேஜையைச் சுற்றியிருந்த இருக்கை மெத்தைகளுக்கு நீல உறை போட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை எல்லாத் திரையையும் ஏற்றினோம். பாலைவனத்து வெளிச்சம் வண்டிக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வந்து விழுந்தது. இவ்வளவு காலம் அந்த வண்டிக்குள் இத்தனை இடம் இருந்தது யாருக்கும் தெரியவில்லை. ஓரின் உள்ளே வந்து நடுவில் நின்று தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்தார்.

"பளிச்சுனு இருக்கு" என்றார்.

"வித்தியாசமா இருக்கா?" என்றாள் லவோன்.

சனிக்கிழமை டீட்ரா வந்தாள். லவோன் ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்டுக் கேக் செய்து வைத்திருந்தாள். என்னையும் இருக்கச் சொன்னாள். டீட்ரா படியேறி உள்ளே வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, இது அதே வண்டியா? நிஜமாவா?" ஒவ்வொரு திரையாக ஏற்றி இறக்கினாள். பெட்டிகளைத் தடவினாள். "யாரு பண்ணினது? நீங்களா? நானா இருந்தா என் விரலையும் சேத்துப் பின் அடிச்சிருப்பேன்."

பிறகு அவள் மேஜையருகே போய் உட்கார்ந்தாள். அந்த ஜன்னல் பக்கமாகவே உட்கார்ந்தாள். உட்காருவாள் என்று எனக்குத் தெரியும். வண்டியில் நல்ல இடம் அதுதான்.

"அடுத்த வேலை எங்கம்மா?" என்று கேட்டார் ஓரின். கை குலுக்கத் தயாராக எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"வாஷிங்டன் மாநிலம். கடற்கரையில ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பிடிச்சிருந்தா அங்கயே இருந்துருவேன். வருஷம் பூரா மழையாம். எல்லாரும் பயமுறுத்தறாங்க. எனக்கு மழைன்னா உசுரு. நைட் டியூட்டி முடிஞ்சு வந்து, இதோ இந்த ஜன்னலுக்குப் பக்கத்துல காபியோட உக்காந்துக்குவேன். ஒரு பூனை வளக்கலாம்னு இருக்கேன். அது இங்க படுத்துக்கும்."

ஜன்னல் விளிம்பைக் கையால் தட்டிக் காட்டினாள்.

லவோன் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். கெட்டிலைக் கீழே வைத்தாள். சமையல் மேடைக்கு அடியில் இருந்த டிராயரைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

"கொஞ்சம் நகந்துக்கோம்மா."

"லவோன்" என்றார் ஓரின்.

அவள் மெத்தை மேல் செருப்போடு ஏறி நின்றாள். நான் போட்ட நீள ஸ்க்ரூ சீக்கிரம் வரவில்லை. நானும் டீட்ராவும் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், ஓரின் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டி கழன்றதும் அதை என்னிடம் கொடுத்தாள்.

"கையை வெச்சுப் பாரு" என்றாள் டீட்ராவிடம். "பயப்படாம அழுத்து."

டீட்ரா அழுத்தினாள். உடம்பில் வீக்கத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி சுற்றிலும் அழுத்திக்கொண்டே வந்தாள். எங்கே கெட்டியாகிறது என்று தேடினாள். அது கீழே ஜன்னல் வரைக்கும் கெட்டியாகவில்லை. கையை நாப்கினில் துடைத்துக்கொண்டாள்.

"இதை எனக்குக் காட்டாம இருந்திருக்கலாம் நீங்க."

"இருந்திருக்கலாம்."

"அங்க போனா ஒரு குளிர்காலம் தாங்குமா?"

"தாங்காது" என்றேன் நான். அதுதான் உண்மை.

அவள் கொஞ்ச நேரம் இருந்தாள். கேக்கை முழுக்கச் சாப்பிட்டாள், மரியாதைக்காக. வாசலில் லவோனைக் கட்டிப்பிடித்தாள். "என் வீடு பறிபோன மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க முயன்றாள். வரவில்லை. ஓரினிடம் கையை நீட்டினாள். அவர் அதைப் பார்க்கவில்லை. பார்க்க முடியாமல்தான் என்று நினைக்கிறேன்.

அவள் கார் போன பிறகு ஓரின் எழுந்தார்.

"சந்தோஷமா?"

"இல்ல" என்றாள் லவோன்.

"நாளைக்குக் காலைல கிளம்பறோம்."

"அந்தப் பஸ் ஓரின். அந்தப் பொண்ணு கையாட்டினா."

"ஒரு தடவை. பன்னண்டு வருஷத்துல ஒரு தடவை. அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கொல்ற."

வெளியே போய் நிழல் பந்தலைச் சுருட்டினார். தண்ணீர்க் குழாயைக் கழற்றிச் சுற்றி வைத்தார். நாற்காலிகளை மடித்து அடியில் தள்ளினார். எல்லாம் தடவித் தடவித்தான், ஆனால் ஒன்றும் பிசகவில்லை.

எங்கள் வரிசையில் எல்லா வண்டியும் பாலைவனத்தைப் பார்த்து முகம் வைத்து நிற்கும். கிளம்புகிறவர்கள் பின்னால்தான் எடுக்க வேண்டும். பின்பக்கம் ஒரு ஆள் நின்று கை காட்டாமல் யாரும் எடுக்க மாட்டார்கள். பார்க் விதி என்று எழுதி வைக்கவில்லை. நல்ல கண் இருப்பவர்களும் அப்படித்தான் செய்வார்கள். ஓரினுக்கு எப்போதும் நிற்பது லவோன். "வா, வா, இன்னும், நில்லு" என்று அவள் கத்துவது வரிசை முழுக்கக் கேட்கும். கேட்டவுடன் பாதிப் பேர் கையாட்டி வழியனுப்ப வெளியே வந்துவிடுவார்கள்.

"நான் பின்னால நிக்க மாட்டேன்" என்றாள் லவோன், படியில் நின்றபடி. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எதிர் வரிசையில் நாய்க்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வேண்டாம். கிரெட்டா நிப்பா."

நான் என் டிரெய்லர் வாசலில் இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பி, என்னைப் பார்ப்பதற்காக முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டார்.

"நிப்பதானே?"

"கேக்காதீங்க ஓரின்" என்றேன்.

"ஓஹோ. சரி. ஆள் இல்லாமப் போயிடுச்சா இந்தப் பார்க்ல?"

அன்று இரவு அவர்கள் வண்டியில் வெகுநேரம் விளக்கு எரிந்தது. புதுத் திரைகள் வெள்ளை என்பதால் உள்ளே ஆள் நடமாட்டம் நிழலாகத் தெரிந்தது. பழைய திரையில் ஒன்றும் தெரிந்ததில்லை. லவோன் மேஜையருகிலேயே உட்கார்ந்திருந்தாள். பெட்டியைத் திரும்ப மாட்டவில்லை. நான் என் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை ஓரின் இஞ்சினை ஓட விட்டுவிட்டு, எங்கள் வரிசையில் கதவு கதவாகப் போய், பின்னால் நிற்க ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டார். லவோன் நிற்க மறுத்தது அதற்குள் வரிசை முழுக்கத் தெரிந்திருந்தது, யாரும் வரவில்லை. பத்து மணிக்கு இஞ்சினை அணைத்தார். பிறகு தண்ணீர்க் குழாயை எடுத்து வந்து மறுபடியும் மாட்டினார்.